பதினொரு விநாடி

அன்று காலை படக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் எழுதிய புத்தகம் நான்காம் பதிப்பு காணப்போகிறது. அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்று பதிப்பாளர் தாள்களை அனுப்பியிருந்தார். முப்பது வருஷமாக ஆவணப்படம் எடுக்கிற மனுஷர். எடுத்தது பதினாறு, பேர் வாங்கியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் ஊர் உலகம் பேசியது பதினொரு விநாடியைத்தான். புத்தகமும் அந்தப் பதினொரு விநாடியைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தது.

பேனாவைத் திறக்கும்போது அழைப்புமணி அடித்தது. வாசலில் மருந்துக்கடைச் சட்டையோடு ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும்.

"நான் சூப்பர்வைசர் பொண்ணு சார்."

எந்த சூப்பர்வைசர் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னார்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல் கூடம் தீப்பிடித்து ஏழு பேர் செத்துப்போனார்கள். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியது யார் என்பதுதான் படம். "பின்கதவைப் பூட்டினது நீங்களா?" என்று படக்காரரின் குரல் கேட்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் வாயே திறக்கமாட்டார். கையைப் பார்ப்பார், எச்சிலை விழுங்குவார், ஜன்னல் பக்கம் திரும்புவார். பதினொரு விநாடி. அதற்குத்தான் விருது. சினிமா வகுப்புகளில் அதைப் போட்டுக்காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். ஆதாரம் போதாது என்று கோர்ட் அவரை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. அதற்கப்புறம் எவனும் அவருக்கு வேலை தரவில்லை. முதலாளி சத்தமில்லாமல் வேறு பேரில் வேறு இடத்தில் கூடம் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் சுற்றி வளைக்கவில்லை. அப்பா பேட்டியில் பதில் சொன்னதாகத்தான் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. படத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்களே. அம்மா சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தானும் பேசவில்லை என்றாள். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

"இப்ப அவரே நான்தாம்மா பூட்டினேன்னு அழறாரு சார். வீட்ல ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, எல்லாத்தையும் கழட்டிட்டாரு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வெட்டாத டேப்பு இருக்கா?"

இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதும் படக்காரருக்குத் தெரியும்.

பேட்டி எடுக்கிற இடத்தில் யாரும் பேசாமல் அரை நிமிஷம் உட்கார்ந்து, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வது படம் எடுக்கிறவர்கள் வழக்கம். பின்னால் ஒட்டுப்போட உதவும். அன்றைக்கு அதைக் கேள்வி ஆரம்பிக்கும் முன்பே எடுத்தார்கள். ஒலிப்பதிவு செய்த படக்காரரின் மனைவி, "ஐயா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று கேட்டுக்கொண்டாள். சூப்பர்வைசரும் சொன்ன பேச்சைத் தட்டாமல் இருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கேள்வி கேட்டபோது அவர் பதிலும் சொன்னார். வெளியே தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த சத்தத்தில் பதில் பாதி அமுங்கிவிட்டது. எடிட்டிங்கில் படக்காரர் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பே எடுத்த மௌனத்தில் பதினொரு விநாடியை வெட்டி அங்கே ஒட்டினார்.

"அது பதில் இல்லங்க" என்று மனைவி அன்றே சொன்னாள். இந்த ஆள்தான் பூட்டியிருப்பான், எனக்குத் தெரியும் என்றார் அவர். எப்படித் தெரியும் என்றால் அவருக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள் எந்தப் படப்பிடிப்புக்கும் வரவில்லை.

இப்போது அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பழைய டேப் எல்லாம் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது, ரொம்ப வருத்தம் என்றார். வாய் கூசாமல் வந்தது. அவளும் தலையாட்டிவிட்டு, ஒரு சீட்டில் முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

மனைவி உள்ளறையிலிருந்து வந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை அச்சுத் தாள்களின் மேல் வைத்தாள். பழைய டேப்புகளை எல்லாம் எப்போதோ அதில் ஏற்றி வைத்திருக்கிறாள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

இரண்டு நாள் படக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷத்துப் பேரும் அந்தத் துணுக்கின் மேல் நிற்கிறது. அதை உருவினால் மிச்சம் என்ன? யாரும் பார்க்காத பதினைந்து படங்களும் ஐம்பத்தெட்டு வயதும்தான். செத்துப்போகலாமா என்றுகூட ஒரு மத்தியானம் யோசித்தார். அதற்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது. கிழவர் சூப்பர்வைசருக்கு மட்டும் டேப்பைப் போட்டுக்காட்டுவது, பிரதி தராமல் கையோடு கொண்டுவந்துவிடுவது. மனசாட்சிக்கும் ஆச்சு, பேருக்கும் ஆச்சு. இவ்வளவு கெட்டிக்காரத்தனம் படம் எடுப்பதில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

மூன்றாம் நாள் காலை மடிக்கணினியும் டிஸ்க்குமாகப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஆணி ஓட்டைகள். குளியலறைக் கதவைக் காற்று திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது. நாற்காலி போடச் சொன்னார், வெயிலில் வந்தாரா என்று கேட்டார். அதைக் கேட்கவே படக்காரருக்குக் கூசியது. டேப் கிடைத்துவிட்டது என்று மட்டும் மகளிடம் சொன்னார். அவள் ஏதும் கேட்காமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. அரை நிமிஷ மௌனம், அப்புறம் கேள்வி, அப்புறம் லாரிச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல்.

"இல்ல சார். நான் பூட்டல. சாவி முதலாளி வீட்ல இருந்துச்சு. நான் அங்க இருந்திருந்தா ஒடச்சாவது தொறந்திருப்பேன் சார்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, நீங்க சொல்லியிருக்கீங்கப்பா" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். கிழவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். அந்த முகத்தில் ஏதாவது ஒன்று அவிழும் என்று படக்காரர் காத்திருந்தார்.

கிழவர் விளங்குகிற ஒரு கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார். "உங்களுக்கு நல்ல மனசு தம்பி. எனக்காக மெனக்கெட்டு இப்படி ஒண்ணு பண்ணிக்கொண்டாந்திருக்கீங்க."

"ஐயா, இதுதான் நிஜம். அந்தப் படத்துல இருந்ததுதான் பொய். நீங்க பேசாம இருந்தத நான்தான் வெட்டி ஒட்டினேன்." பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

"அழாதீங்க" என்றார் கிழவர். "நான் அந்தப் படத்த எத்தன தடவ பாத்திருக்கேன். பூட்டாதவன் பூட்டலன்னு சொல்லியிருப்பான்ல."

மகள் எழுந்து வந்து கணினியிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. கிழவர்தான் பதறினார். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, வெளியே தெரிந்தால் பாவம் அவர் பேர் கெட்டுவிடும் என்று மகளைக் கெஞ்ச ஆரம்பித்தார்.