புல்தரையில் இரண்டாயிரம் கிழங்குகள்

வீபெ நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கால்வாய்க்கரையை ஒட்டிய தன் வீட்டுப் புல்தரையில் முப்பது வருடமாக ஒரு களையைக்கூடத் தலைகாட்டவிட்டதில்லை. அக்டோபரில் ஒரு காலை, மனைவி ஃபூக்யெ வாளி நிறைய, ஊதாப் பூ பூக்கும் குரோக்கஸ் கிழங்குகளைக் கொண்டுவந்து, கோழிக்குத் தீனி போடுவதுபோல் அந்தப் புல்லின்மேல் வீசினாள்.

"என்ன பண்றே நீ?"

"விழுந்த இடத்துலயே நடணும். அப்பத்தான் தானா முளைச்ச மாதிரி இருக்கும்."

"நூல் பிடிச்சு நட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"நூல் பிடிச்சே அறுபத்தேழு வயசாச்சு உனக்கு. மண்டி போடு."

மூன்று நாள் மண்டி போட்டார்கள். புல்லைக் கீறித் தூக்கி, விரல் நீள ஆழத்தில் கிழங்கை முளை மேலே பார்க்க வைத்து, புல்லை மூடி மிதித்தார்கள். மொத்தம் இரண்டாயிரம் கிழங்குகள். வீபெயின் முழங்கால்கள் வீங்கிவிட்டன.

பிறகு ஓயாத மழை. ஜனவரியில் கால்வாயே உறைந்தது. வீபெ குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார், இரும்பாக இருந்தது.

"எல்லாம் செத்திருக்கும்" என்றார். குரலில் லேசான திருப்தி இருந்தது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் பறவைகளுக்கு ரொட்டித்தூள் போடப் போனவர், பனியில் பொட்டுப் பொட்டாகத் துளைகள் இருப்பதைக் கண்டு குனிந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வெளிறிய ஊசிமுனை. ஒரு முளை, உதிர்ந்து கிடந்த ஓக் இலையை நடுவே துளைத்து, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டார். வளைந்தது, அவ்வளவு மெல்லியது. இது எப்படி அந்தத் தரையைப் பிளந்தது?

பத்து நாள் கழித்து, நண்பகலில், துவைத்த துணிக்கூடையோடு, புல்தரை நடுவே கட்டியிருந்த துணிக்கொடிக்குப் போனார். மொட்டுகள் கூம்பி நின்றன. மேகம் விலகியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலியோரம் தொடங்கி கால்வாய் வரைக்கும் ஊதா விரிந்துகொண்டே போனது. எங்கிருந்தோ தேனீக்கள் வந்திறங்கின. சாண் சாணாகத் தெரிந்த இடம். இப்போது அதன் நீளமும் அகலமும் அவருக்குப் பிடிபடவில்லை.

பின்னால் ஃபூக்யெ வந்து நின்றாள்.

"எண்ணிப் பாத்தியா?" என்றாள் மெதுவாக.

"இல்ல."

"துணி காயப் போடலையா?"

"கால் வைக்க இடமில்ல, ஃபூக்யெ."

அன்று அவர்கள் வீட்டுச் சமையலறையில், நாற்காலிகளின் முதுகிலெல்லாம் ஈரப் படுக்கை விரிப்புகள் தொங்கின. இருவரும் சன்னலோரம் நின்றபடியே பட்டாணி சூப்பைக் குடித்தார்கள்.