இந்தக் கூப்பன் செல்லாது

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். புத்தி பின்னால் மெதுவாக வந்து சேரும். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஆடிக் கிருத்திகைக்காக எங்கள் பஸ் கம்பெனி பாதி விலைக் கூப்பன் ஒன்று விட்டிருந்தது. ஆளுக்கு ஒரு தடவைதான். எந்தப் புண்ணியவானோ யார் யார் போன் நம்பரையோ போட்டு இருபத்திரண்டு சீட்டைச் சுருட்டிவிட்டான்.

"உங்கப்பன் ஊட்டு பஸ்ஸாடா இது?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திவிட்டு, 'எல்லாக் கூப்பனையும் நிறுத்து' என்ற பட்டனைத் தட்டினேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். திருத்தணியிலிருந்து சென்னைக்கு ஓடும் எங்கள் மூன்று பஸ்ஸுக்கும் டிக்கெட், கூப்பன் எல்லாம் பார்ப்பது நான் ஒருத்திதான். எதையோ சாதித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை சக்திவேல் என்பவர் போனில் பிடித்துக்கொண்டார். சென்னையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்; அடிக்கடி வருவதால் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் உண்டு. "இன்னாங்க, வெளாட்றீங்களா? காசு குடுத்துதான வர்றோம்? முதலாளிகிட்ட பேசட்டா?" என்று அவர் போட்ட சத்தத்தில் காது அடைத்துப்போனது. இரண்டே நிமிடத்தில் அவருடைய கூப்பனை மட்டும் திறந்துவிட்டேன். திருவிழா நெரிசலில் மற்றவற்றை மறந்தே போனேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, பத்தரை பஸ்ஸின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நம்பர் சீட்டில் சக்திவேல் பெயர் இருந்தது.

ஏழு, எல்லம்மாக்காவின் சீட். திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், செவ்வாயும் சனியும் சென்னை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முதலாளி பரந்தாமன் இரண்டு வருஷமாக அவரைக் காசு வாங்காமல் ஏற்றிப் போகிறார். "கண்டக்டருக்குக்கூட தெரிய வேணாம் கோமளா. எல்லாரும் மாதிரி அவங்களும் போன்ல புக் பண்ணிகினு வரட்டும்" என்று அவர் சொன்னதால், அக்காவுக்கென்றே முழுத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை நான்தான் செய்து கொடுத்திருந்தேன்.

அந்தக் கூப்பனின் கணக்கைத் திறந்தேன். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து ஆறரைக்குள் பதினொரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பதினொரு தடவையும் 'இந்தக் கூப்பன் செல்லாது' என்றே பதில் போயிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சனிக்கிழமைப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. ஒரு வாரமாக டயாலிசிஸ் இல்லை.

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் அக்காவின் புருஷன் கஜபதி எடுத்தார்.

"அண்ணா, கோமளா பேசறேன். அக்கா எப்டி இருக்காங்க?"

"ஆங், சொல்லும்மா. காலு, மொகம்லாம் வீங்கிக்கினு கீது. படுத்தா மூச்சு வாங்குது. ரெண்டு நாளா செவுத்துல சாஞ்சிகினே கீறா." பின்னால் அந்த மூச்சு எனக்கே கேட்டது.

"சனிக்கெழம ஏன் போவல?"

"நீங்கதான் கூப்பன நிறுத்திட்டீங்களேம்மா. தப்பு சொல்லல. இத்தினி நாளு ஏத்திகினு போனதே பெருசு. வேற பஸ்ல போலாம்னு வந்தோம். காவடிக் கூட்டத்துல ஏறவே முடியல."

"ஒரு போன் பண்ணக் கூடாதாண்ணா?"

"இன்னான்னு கேக்கறது? ஓசியில போறவங்க எந்த மூஞ்ச வெச்சிகினு கேக்கறது?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "முதலாளி நிறுத்தலண்ணா. நான்தான் கோவத்துல மொத்தத்தையும் நிறுத்திட்டேன்" என்றேன். "ஆம்புலன்ஸ் அனுப்பறேன், கெளம்பி இருங்க" என்று சொல்லி உடனே 108க்கு அடித்தேன்.

முதலாளி உள்ளே வந்தார். சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "மொதல்ல அந்தக் கூப்பனத் தொற" என்றார், அவ்வளவுதான். திறந்தேன். வெளியே பத்தரை பஸ், ஏழாம் சீட்டில் சக்திவேலோடு கிளம்பிப் போனது.

பத்து ஐம்பதுக்கு கஜபதி கூப்பிட்டார். "வண்டி வந்துகீதும்மா. இவ ஏற மாட்டேன்றா. இதுவும் அவங்க தயவான்னு கேக்கறா."

"போன அக்கா காதுல வைங்க!" என்று கத்தினேன். "அக்கா, அது கவர்மெண்ட் வண்டி. எங்க கம்பெனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. யாருக்கும் நீங்க கும்புடு போட வேணாம். ஏறுங்க! இல்லன்னா நானே வந்து குண்டுகட்டா தூக்கிப் போடுவேன்!"

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. முருகா, முருகா என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கத்தாதடி," என்றது ஒரு சன்னமான குரல். அப்புறம் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாற்காலியில் விழுந்து, முதலாளி பார்க்கிறார் என்ற வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். அடுத்த வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. ஆறேகாலுக்கு ஏழாம் சீட் பதிவானது. நூற்றிருபது ரூபாய், முழு விலை. கூப்பன் போடும் கட்டம் காலி.

சனிக்கிழமை பஸ் வாசலிலேயே அக்காவைப் பிடித்தேன். முகம் வற்றிப்போயிருந்தது. "கூப்பன் இப்ப வேல செய்யுதுக்கா. ஏன் காசு கட்டினீங்க? இந்தாங்க" என்று நூற்றிருபது ரூபாயை நீட்டினேன்.

"தெரியும்டி. போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் வேல செய்யுது. அழிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "காசு கட்டினாதான, சீட்டு இல்லன்னா போன் போட்டு உன்ன நாலு கேள்வி கேக்க முடியும்?"

சொல்லிவிட்டு ஏறிப் போய் ஏழாம் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ரூபாய் என் கையிலேயே இருந்தது.