ஆறாவது பெஞ்சு, இடது ஓரம்

தொற்று பரவிய அந்த வருஷம் தேவாலயத்துக்குள் ஐம்பது பேர்தான் இருக்கலாம் என்று உத்தரவு. ஒரு தலை கூடினாலும் கதவுக்குப் பூட்டு. அந்த ஐம்பதைக் காவல் காக்கக் கதவுக்கு உட்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளைச் சபையார் ‘சித்திரகுப்தி’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

அவள் வேலையில் குறை காண முடியாது. நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவாள், கையில் கிருமிநாசினி ஊற்றுவாள், முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்து நலம் விசாரிப்பாள். பட்டியலில் பெயரைத் தேடி டிக் அடித்ததும் கைக்குள் இருக்கும் எண்ணும் கருவியை ஒரு அமுக்கு அமுக்குவாள். பெயர் இல்லையா, எந்தக் கொம்பனாக இருந்தாலும் அடுத்த வாரம்தான்.

போன ஞாயிறு அப்படித் திரும்பிப் போனவள் அவளுடைய சொந்த அக்கா. பெயர் கொடுக்க மறந்துவிட்டு வந்து நின்றாள். உடன்பிறப்பை உள்ளே விட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தங்கை கறாராக இருந்துவிட்டாள். அக்கா கோபப்படவில்லை. “அடுத்த வாரத்துக்காவது எழுதி வைடி” என்றாள். தங்கை அவள் கண்ணெதிரிலேயே புதுத் தாளில் முதல் பெயராக எழுதி, ஆறாவது பெஞ்சு, இடது ஓரம் என்று இடமும் குறித்தாள். திங்கட்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடக் காட்டாமல் கட்டிக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அந்தப் பெயரை அடித்து நீக்க அவளுக்குக் கை வரவில்லை. இந்த ஞாயிறும் அதே தாளோடுதான் உட்கார்ந்தாள். போதகரையும் அவளையும் சேர்த்துக் கருவியில் நாற்பத்தொன்பது.

ஆராதனை தொடங்குமுன் போதகரும் மேடையிலிருந்து தலைகளை எண்ணி, எத்தனை என்று விரலால் காட்டுவது வழக்கம். இன்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, பூஜ்யத்துக்குக் கையை மூடினார். ஐம்பது. கதவைச் சாத்தலாம்.

அவள் கருவியை மறுபடி பார்த்தாள், நாற்பத்தொன்பதுதான். ஆறாவது பெஞ்சைப் பார்த்தாள். இடது ஓரத்தில் யாரோ இருந்தார்கள். முதுகுதான் தெரிந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அக்காவுக்கு இடது காது மந்தம். வலது காதை முன்னால் கொடுத்துத்தான் பிரசங்கம் கேட்பாள். போய்ப் பார்க்கலாம் என்று பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் டிரைவர் சீருடையோடு மூச்சிரைக்க வந்து நின்றார். பட்டியலில் இல்லாதவர். மனைவிக்கு வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்களாம், ஆஸ்பத்திரிக்குள் இவரை விடவில்லையாம். “ஒரு ஓரமா உட்கார்ந்துட்டுப் போயிடறேம்மா. வேற எங்க போறதுன்னு தெரியல” என்றார்.

கருவியைக் கேட்டால் இடம் இருக்கிறது. ஆனால் அக்காவை எழுப்பினால்தான் அந்த இடத்தைக் கொடுக்க முடியும். ஒரு தடவை துரத்தியது போதாதா? சரி, இந்த மனிதரைத் துரத்திவிட்டு இன்னொரு வாரம் தூக்கமில்லாமல் கிடப்பதா? அவள் எழுந்தாள். தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கருவியையும் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அரைமணி நேரத்தில் சுகாதாரத் துறை அதிகாரி வந்தார். கதவைத் திறந்து, பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணி, நோட்டில் எழுதினார்.

“நாப்பத்தொம்பது பேர்தாம்மா இருக்காங்க. நீங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க? ஆறாவது பெஞ்சுல ஓரமா காலியா இருக்கு, போய் உட்காருங்க.”

“காலி இல்ல சார்” என்றாள். “அது எங்க அக்கா. போன வாரம் நான்தான் உள்ள விடல.”

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவிடுக்கில் மறுபடி எட்டிப் பார்த்தார். இந்த முறை எண்ணவில்லை. ஆறாவது பெஞ்சின் ஓரத்தை மட்டும் பார்த்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, நோட்டில் நாற்பத்தொன்பதை அடித்து ஐம்பது என்று எழுதினார்.