துரு ஏறாத துப்பாக்கி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பெஞ்சமின். புதுப்பட்டினத்து நகைக்கடன் கடையொன்றின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி. மனைவியின் வளையலை மீட்கப் போனபோது, என் டோக்கன் வரும்வரை சொன்னார். இப்படித் தொடங்கினால் நம்புவீர்கள்தானே? அப்படியே வைத்துக்கொள்வோம்.

2

‘உப்புக் காற்று வீசும் அந்தக் கடற்கரையில்...’

[வேண்டாம். காற்று வீசாமல் எந்தக் கடற்கரைக் கதைதான் தொடங்கியிருக்கிறது?]

தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.* எந்த நிலையம் என்று எழுதமாட்டேன், எனக்கும் குடும்பம் இருக்கிறது. கடலோரத்தில் இரும்பைத் துரு தின்ன இரண்டு மாதம் தாராளம். அதனால் பெஞ்சமின் எப்போதும் குழாயின் உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, விரல் வியர்வை படாமல் துணியால் பிடித்து, உறையில்லாமல்தான் கொடுப்பார். உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த முறை கடைசி நாள், மழை வேறு. எண்ணெய் போடாமல், நனைந்த ரெக்சின் உறையோடு கொடுத்துவிட்டார். துப்பாக்கி கெட்டால் வேலை போச்சு. இரண்டு மாதமும் அவருக்குத் தூக்கமில்லை.

* விலக்குக் கேட்டு மனு கொடுத்தாராம். பதில் வரவில்லை.

3

திரும்ப வாங்கிய அன்று உறையைப் பிரித்தார். பொட்டுத் துரு இல்லை. குழாய் உள்ளே பளபளத்தது, புது எண்ணெய் வாசனை வேறு. மனிதர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக, தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தபோது ஐந்து தோட்டாக்களின் பித்தளையிலும் பச்சைக் களிம்பு இருந்தது. இப்போது நான்கில்தான் இருந்தது. ஐந்தாவது புத்தம் புதுசு.

“இன்னா பாத்துகினு கீற?” என்றார் நிலைய ரைட்டர் ரவிச்சந்திரன். “அஞ்சு குடுத்த, அஞ்சு கீது. கையெழுத்த போடு.”

4

பெஞ்சமினை நான் முழுதாக நம்பவில்லை. பழைய தோட்டாக்களில் ஒன்று களிம்பேறாமலே இருந்திருக்கலாம். நல்ல மனசுக்காரர் யாராவது துடைத்து வைத்திருக்கலாம். ஒரு முடிவை அப்படித்தான் எழுதினேன்: தலைமைக் காவலர் லோகநாயகி, துருவைக் கண்டால் பொறுக்காதவர்.

[அடித்துவிட்டேன். பொறுக்காதவர் அத்தனை துப்பாக்கியில் ஒன்றை மட்டுமா துடைப்பார்?]

இன்னொரு முடிவு: சுட்ட துப்பாக்கியைத்தான் அவ்வளவு அக்கறையாகத் துடைப்பார்கள். யாரை, எங்கே என்று எழுதத் தொடங்கி

வேண்டாம்.

கேள்வி கேட்டால், பெஞ்சமினின் உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பு ரைட்டரின் அதே மேசையில்தான் இருக்கிறது. கேட்காமல் கையெழுத்துப் போட்டால், அந்தத் துப்பாக்கி என்ன செய்திருந்தாலும் அது அவர் தலையில்.

5

மற்ற துப்பாக்கிகளை யாரும் துடைக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் பகுதியில் பொய் சொன்னேன். மாமனாரின் துப்பாக்கியை வாங்க அன்று நானும் போயிருந்தேன். வரிசையில் பெஞ்சமினுக்கு முன்னால் நின்றேன். எனக்குக் கிடைத்தது முழுக்கச் செந்துரு. வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றபோது, பெஞ்சமின் அந்தத் தோட்டாவை என்னிடம் நீட்டினார்.

“சார், நீங்க பாத்து சொல்லுங்க. இது மட்டும் வேற மாதிரி கீதுல்ல?”

கண்ணாடி எடுத்துவரவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெஞ்சமின் பேனாவைத் திறக்காமல், தோட்டாவோடு பின்னால் திரும்புகிறார். வரிசையில் அடுத்து நிற்பது நீங்கள். கண் தெரியவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. இதுவரை படித்திருக்கிறீர்கள்.