ஆமைகளுக்கு நடுவே ஒரு நகம்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: பெரியப்பா, பெரியம்மா, பெரியப்பாவின் தம்பி மகளான கடலாமை ஆராய்ச்சி மாணவி, அவளுடைய பேராசிரியை, அழைக்காமலே வந்துவிட்ட பெரியம்மாவின் தம்பி. வேறு யாரும் இல்லை. காவலாளி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார் என்று சொல்பவர்கள் அந்த வாசலைப் பார்த்ததே இல்லை.

முடிவு வந்துவிட்டது, வாருங்கள் என்று தம்பி மகள் போனில் சொன்னதைப் பாராட்டு விழா என்று எடுத்துக்கொண்டு, பெரியப்பா இஸ்திரி கலையாத சட்டையில், நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது.

ஆமையிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க முடியாது. ஓட்டைக் கொஞ்சம் சுரண்டி இயந்திரத்திடம் கேட்கிறார்கள். சாப்பாட்டில் இருக்கும் நைட்ரஜனில் கனமானது ஒன்று, லேசானது ஒன்று. புல் மேயும் உடம்பில் கனமானது குறைவு. மேய்ந்ததைத் தின்னும் உடம்பில் அது கூடும். அதையும் தின்னும் உடம்பில் இன்னும் கூடும். ஆமை ஓட்டின் மேல் தகடும் மனிதர் நகமும் ஒரே சரக்குதான். அதனால் மாதிரிகளை அடுக்கும் தட்டின் முதல் குழியில், ஒப்பிட்டுப் பார்க்க, சாப்பாடு சந்தேகமில்லாமல் தெரிந்த ஒருவரின் நகத்தை வைக்க வேண்டும் என்று ஆய்வின் தொடக்கத்தில் தம்பி மகள் விரும்பியிருந்தாள்.

பெரியப்பா அப்போதே நகவெட்டியைத் தேடி எழுந்துவிட்டார். "சைவத்துக்கு அளவுகோல் வேணும்னா வெளியில எதுக்கும்மா தேடற?" என்றார். மூன்று தலைமுறையாக மாமிசம் படியேறாத வீடு. பரம்பரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பதுபோல அந்த நகத்தைக் கொடுத்தார்.

இப்போது அந்த நகம்தான் குழப்படி செய்திருந்தது. வடக்கு வளைகுடா ஆமைகள் கடற்புல் மேய்கின்றன, தெற்கு ஆமைகள் சொறிமீன் என்கிற ஜெல்லி மீனையும் விடுவதில்லை என்று கணக்கு அழகாக வந்திருந்தது. ஆனால் பெரியப்பா தெற்கு ஆமைகளையும் தாண்டி உச்சியில் நின்றார்.

"அத்தான் சுறா வகையறா போலிருக்கே," என்றார் பெரியம்மாவின் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

இயந்திரத்தில் கோளாறு இல்லை, சோதித்துப் பார்த்தாயிற்று என்றார் பேராசிரியை. அப்படியானால் தட்டில் மாதிரிகள் குழி மாறியிருக்க வேண்டும். எது எதனோடு மாறியது என்று தெரியாதவரை ஓர் எண்ணைக்கூட நம்ப முடியாது. மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். சுரண்டிய துகள்கள் இயந்திரத்தில் எரிந்து போய்விட்டன. ஆமைகள் கடலுக்குப் போய்விட்டன. தம்பி மகள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே, நான்தான் கவனக்குறைவாக அடுக்கியிருப்பேன் என்றாள். பெரியப்பாவின் நகத்தை மட்டும் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பா தன் விரல்களைப் பார்த்தார். பத்தும் மிகவும் ஒழுக்கமாகத்தான் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் குடும்ப மானம் பத்திரமாக இருக்கும். ஆனால் வேலையில் கவனமில்லாதவள் என்ற பெயர் இந்தப் பெண்ணுக்கு விழும். அதுவும் இதே குடும்பத்தின் மானம்தான். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை.

"தட்டு சரியாத்தான் இருக்கு," என்றார்.

"எப்படி பெரியப்பா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நகம் சரியா சொல்லியிருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பெரியம்மா கைப்பையை மடியில் சரிசெய்தார். "வாராவாரம் லைப்ரரி போறார். இதுவரைக்கும் ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்ததில்ல. திரும்பி வந்தா வாயில ஏலக்காய் வாசனைதான் வரும்."

பேராசிரியை பேனாவைத் திறந்து, வாரத்துக்கு எத்தனை தடவை, என்ன மீன் என்று, வேறொரு ஆமையிடம் கேட்பதுபோலவே மரியாதையாகக் கேட்டார். பெரியப்பாவும் மரியாதையாகவே பதில் சொன்னார். தம்பி மகள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தவள் விடவில்லை. ஆய்வேட்டில் 'முதல் குழி: கடலுணவு உண்ணும் முதியவர்' என்று எழுதுவதாக முடிவானது. முதியவர் என்ற சொல்லுக்கு மட்டும் பெரியப்பா ஆட்சேபம் தெரிவித்தார்.

பெரியப்பா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று நெத்திலி தின்றார் என்று உறவுக்காரர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். நெத்திலி அல்ல, வஞ்சிரம்.