நெவிலின் ரத்த எண்

1
இந்தக் கதை ஒரு கறித்தட்டில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில் ஓய்வுபெற்ற கிழவர்கள் நாங்கள் கூடும் தச்சுக் கொட்டகையில், எங்களில் ஒருவரான நெவிலின் ரத்தப் பரிசோதனை எண் இம்முறை என்ன வரும் என்று தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்போம். சரியான எண் கிடைத்தவனுக்கு ஒரு தட்டு ஆட்டுக்கறி. (கொடூரமா? குதிரைப் பந்தயத்துக்கு ஊரே சீட்டெடுக்கிற நாடு இது. யோசனையும் நெவிலுடையதுதான்.)

2
முதல் தொடக்கம்: 'புராஸ்டேட்டில் முளைத்த புற்று எலும்பெல்லாம் பரவி...' வேண்டாம், ஆஸ்பத்திரி வாடை.

இரண்டாவது: ஹார்மோனை அடக்கும் ஊசியையும் மீறி நோய் வளர்ந்தது. கதிரியக்க மருந்தை ஆறு முறை ஏற்றினார்கள். நெவில் பச்சையாக ஒளிர்ந்தார். அந்த வெளிச்சத்தில் கங்காருக்கள் வீடு போய்ச் சேர்ந்தன. (சரி, கங்காரு பொய். மனைவி கோரல் சில நாள் வேறு அறையில் படுத்தது நிஜம்.) ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். நான்கு வருஷமாக, நோய் வளர்ந்தால் ஏறும் அந்த ரத்த எண் பூஜ்யத்திலேயே கிடக்கிறது.

"எப்பப் பாத்தாலும் சைபர். சப்புனு இருக்குடா," என்பான் எங்கள் பாரி.

"உனக்காக வேணா கொஞ்சம் ஏத்திக்கட்டுமா?" என்பார் நெவில்.

3
ஒரு தப்பு செய்துவிட்டேன்: நெவிலைச் சிரிக்கும் வீரனாக்கிவிட்டேன். பரிசோதனை வாரத்தில் அவருக்குச் சோறு இறங்காது. "முதுகு வலிக்குதுடா. பலகை தூக்குனதாலயா, அதாலயான்னு தெரியல," என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

4
நர்ஸ் எப்போதும் போனிலேயே எண்ணைச் சொல்லிவிடுவாள். இந்தச் செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. "டாக்டர் நேர்ல பாக்கணுங்கறார். வீட்ல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க."

கொட்டகையில் தொப்பி சுற்றி வந்தது. ஒருவனும் அதற்குள் கையை விடவில்லை.

5
முடிவு அ: எண் ஏறிவிட்டது.
முடிவு ஆ: இத்தனை காலம் மருந்து வேலைசெய்த ஆளை மற்ற டாக்டர்களுக்குக் காட்டத்தான் அழைப்பு.
இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன். ஏனென்றால்

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியவன் நான். பின்னிருக்கையில் கோரல் பெல்ட்டைக் கழற்றினாள்.

"இறங்கு நெவில்."

"ஒரு நிமிஷம் கோரல். இதுக்குள்ள உக்காந்திருக்கற வரைக்கும் சைபர்தானே."

கோரல் கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

டாக்டரின் அறை இரண்டாம் மாடியில், வலப்பக்கம். தைரியமிருந்தால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இவர்களோடு இங்கேயே இருக்கிறேன்.