கெட்டுப்போன கார்க்

வாழ்க்கையில் முதல்முறை வைன் குடித்த அன்றே கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. மாமனார் கொடுத்த ஓட்டல் விருந்து. சகலை, அதாவது மனைவியின் அக்காள் புருஷன், பரிமாறுகிறவனிடம் கண்ணைக் காட்ட, அவன் வாத்தியார் கோப்பையில் ஒரு வாய்க்கு மட்டும் ஊற்றிவிட்டு நின்றான். ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள் என்று இவருக்கு யார் சொன்னது? மடக்கென்று குடித்துவிட்டு, "என்னப்பா கஞ்சத்தனம்? நிறைய ஊத்து" என்றார். சகலை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து இவர் 'மடக்கு மாப்பிள்ளை'.

சகலை சிரித்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டினவளும் கூடச் சேர்ந்து சிரித்தாளே, அதுதான் முள்ளாகத் தைத்தது. அந்த ஆளை அதே மாதிரி ஒரு மேசையில் கவிழ்க்க வேண்டும். அதைப் பார்த்து இவள் சிரிக்க வேண்டும். வாத்தியாருக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

ஒரு வைன் கடையின் மாடியில் சனிக்கிழமை வகுப்பு நடந்தது. சேர்ந்தார். கோப்பையைச் சுழற்று, மோந்து பார், வாயில் உருட்டு, பிறகு வாளியில் துப்பு என்றாள் சொல்லிக் கொடுத்தவள். மற்றவர்கள் செர்ரி என்றார்கள், மிளகு என்றார்கள். இவருக்கு எல்லாம் ஒரே புளிப்பு. ஆனால் வைராக்கியம் யாரை விட்டது? ஒருநாள் நாக்கின் ஓரத்தில் மெய்யாகவே மிளகு தெரிந்தது. பகைக்காகப் படிக்க வந்த இடத்தில் சந்தோஷம் வந்துவிட்டதே என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

பிறகு அவள் ஒரு கெட்டுப்போன பாட்டிலைத் திறந்தாள். "பாட்டிலை அடைக்கிற இந்தக் கார்க் தக்கை கெட்டா வைனும் கெட்டுடும். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வரும். எப்பவாவதுதான் மாட்டும், மறந்துடாதீங்க."

மறப்பாரா? அதற்கப்புறம் ஒவ்வொரு குடும்ப விருந்திலும், ஆண்டவனே ஒரு கார்க்காவது அழுகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கோப்பையை மோந்தார்.

மாமனாரின் பிறந்தநாள் விருந்தில் வேண்டுதல் பலித்தது. சகலை ருசி பார்த்து, "பிரமாதம்!" என்றார். எல்லோருக்கும் ஊற்றினார்கள். வாத்தியார் மூக்கில் நனைந்த அட்டைப்பெட்டி. பாவி மனசு துள்ளியது.

"என்னென்ன வாசனை தெரியுதுண்ணே?" என்று குழைந்தார்.

"ரோஜா, சாக்லெட்... உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது, மடக்கு!"

வாத்தியார் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். அவர் முகம் மாறியது. "மன்னிக்கணும் சார், கார்க் கெட்டுப்போயிருக்கு. வேற கொண்டுவர்றேன்."

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. மனுஷனாகப் பிறந்தவன் அதோடு விட்டிருப்பான். வாத்தியார் விடவில்லை. புது பாட்டில் வந்ததும், "அண்ணனுக்கே ஊத்துங்க" என்றார். சகலை கோப்பையை எடுத்தார். மோந்தார், குடித்தார், கடைசியில் பரிதாபமாக வாத்தியார் முகத்தைப் பார்த்தார். வாத்தியார் லேசாக மூக்கைச் சுளித்தார்.

"இதுவும் கெட்டுப்போச்சு!" என்றார் சகலை அவசரமாக.

பரிமாறுகிறவர் மோந்து பார்த்தார். "இல்லையே சார், இது நல்லாத்தான் இருக்கு."

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சகலையின் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியாருக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது. ஆசையோடு தன் மனைவி பக்கம் திரும்பினார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில்தான் வாயைத் திறந்தாள். "நீங்க மூக்கைச் சுளிச்சதை நான் பாத்தேன்."

"அவர் எனக்குப் பண்ணினதுக்கு இது..."

"அன்னைக்கு அவர் கண்ணைக் காட்டினதையும் பாத்தேன். பாத்துட்டும் சிரிச்சேன். அதுக்கு உங்ககிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு இத்தனை நாளா தவிச்சிட்டிருந்தேன்."

வாத்தியார் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இனிமே கேக்க வேண்டியதில்ல."